வெயிலில் நமக்கு எத்தனை பங்கு?

சுங்கைப் பட்டாணியிலிருந்து புக்கிட் செலம்பாவ் பக்கம் பாட்டியைக் காரில் அழைத்துப் போனேன். தெனாகாவின் 30 மெகாவாட் சூரிய மின்நிலையம் அங்குதான்.

“இதுல நமக்கு எத்தனை பங்குப்பா?”

வானொலியில் மின்கட்டணத்தைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர் பாட்டி. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டியும் மாதம் 10 வெள்ளி கட்டினார். அப்படிச் சேர்ந்த காசில்தான் முதல் தோட்டமாக இதே கெடாவின் புக்கிட் சீடிம் வாங்கப்பட்டது. பங்குச் சான்றிதழ் இன்னும் அவர் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

பெடோங்கில் தே தாரிக் குடிக்கும்போதும் பாட்டி விடவில்லை.

“ஆளுக்கு 100 வெள்ளி போட்டா, கோயில் மண்டபக் கூரைக்காவது தகடு வாங்கலாம்ல?”