சுவரில் தெரியும் குழாய்

வசதி ஒன்று வீட்டுக்குள் வரும்போது தனித்து வருவதில்லை. தன் வால் ஒன்றையும் உடன் கொண்டுவருகிறது. மின்சாரம் கம்பியோடு வந்தது. தண்ணீர் குழாயோடு வந்தது. 1965-ஆம் ஆண்டு கல்கத்தாவில் தன் முதல் இணைப்பை வழங்கிய இண்டேன் எரிவாயு, பின்னர் நம் ஊர் அடுப்படிகளையும் எட்டியது. விறகுப் புகையினின்றும் நம் பெண்மக்கள் விடுபட்டனர். அந்த நன்மைக்கு முன்னே குழாயின் அலங்கோலம் அற்பமானதே. எனினும் அன்றாடம் கண்முன் நிற்பது எதுவும் அற்பமாக இருந்துவிடுவதில்லை.

கோரிப்பாளையத்தில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. அடுப்படிகள் சிறியவை. எனவே சிலிண்டரைப் பின்கட்டுத் திறந்தவெளியில் நிறுத்தி, அங்கிருந்து செம்புக் குழாய் வழியே அடுப்புக்கு எரிவாயு கொண்டுவரும் முறையை நம் இல்லத்திலும் மேற்கொண்டோம். வேலை ஒரு பகலில் முடிந்தது. ஆனால் குழாயோ சுவரின் குறுக்கே சாய்வாக ஓடி, சன்னலருகே தொய்ந்து, மின்கம்பியை ஒட்டி வளைந்து அடுப்பைச் சேர்ந்தது. நல்லதொரு கடிதத்தின்மீது மை கொட்டிவிட்டாற்போல் இருந்தது, வெள்ளையடித்த அச்சுவர்.

பார்த்தவர் யாவரும் யோசனை சொன்னார்கள். சுவரை வெட்டிக் குழாயைப் புதைத்துப் பூசிவிடலாம் என்றார் கொத்தனார். பலகையால் மூடி அடைத்துவிடலாம் என்றார் தச்சர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறவன் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். வீட்டை ஒழுங்காக வைத்திருக்க விழைவது வீண் ஆடம்பரம் ஆகாது.

ஆயினும் அதே நாயகம் (ஸல்) அவர்கள், உறங்கப் போகுமுன் வீட்டில் நெருப்பை அணைத்துவிடுமாறும் பணித்திருக்கிறார்கள். அழகைக் கற்பித்த திருவாயே எச்சரிக்கையையும் கற்பித்தது. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவை மூக்கு அறிய வேண்டுமென்றே நாற்றமுள்ள ஒரு பொருளை அதில் கலக்கிறார்கள். அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலெழுந்து கலைந்து போகாமல் தரையோரம் தாழ்ந்து, மூடிய இடுக்குகளில் தேங்கும். பூச்சுக்குள் ஈரமும் உப்பும் குழாயை அரிப்பதை யார் காண்பார்? காற்றோட்டமற்ற பலகைப் பெட்டியோ தேக்கத்துக்கு நாமே கட்டிக்கொடுக்கும் தொட்டி.

நம் இல்லத்தில் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. முதுமையினால் அம்மாவுக்கு மோப்ப உணர்வு குன்றிவிட்டது. பகலில் பெரும்பொழுது அடுப்படியில் தனித்திருப்பவரும் அவரே. பிறருக்கு மூக்கு செய்யும் காவலை அவருக்குக் கண்தான் செய்ய வேண்டும். அவர் கண்ணுக்கு எட்டாதபடி குழாயை மறைப்பது எங்ஙனம் முறையாகும்?

மறைப்பது ஒன்றே அழகு என்னும் எண்ணத்தை உலகம் முன்பே மறுத்திருக்கிறது. டாக்காவில் 1929-இல் பிறந்த பொறியியல் மேதை பஸ்லுர் ரஹ்மான் கான், சிகாகோவில் நூறு மாடி கொண்ட ஜான் ஹான்காக் கட்டடத்தைத் தாங்கும் பெருக்கற்குறி வடிவ எஃகுச் சட்டங்களை வெளியிலேயே தெரியும்படி அமைத்தார். பாரிஸில் 1977-இல் திறக்கப்பட்ட பொம்பிடு மையத்திலோ, காற்றுக் குழாய்க்கு நீலம், தண்ணீருக்குப் பச்சை, மின்சாரத்துக்கு மஞ்சள் என்று வண்ணமிட்டு வெளிப்புறத்திலேயே நிறுத்தினார்கள். வெளியே தெரிந்ததனால் அவை அசிங்கமாகிவிடவில்லை. ஒழுங்கோடு தெரிந்தன, அவ்வளவே.

நம் தர்காவின் குவிமாடம் அழகர் மலையிலிருந்து கொணர்ந்த ஒற்றைக் கல்லால் ஆனதென்று சொல்வர். அத்தகைய பேறு நம் வீடுகளுக்கு இல்லை. அவை இணைப்புகளால் ஆனவை. கசிவதும் பெரும்பாலும் இணைப்புகளிலேதான். ஆகவே இணைப்புகளைக் குறைப்பதும், இருப்பவற்றைக் காணும்படி வைப்பதுமே அறிவுடைமை.

பயிற்சி பெற்ற எரிவாயுப் பணியாளர் ஒருவரை அழைத்து வேலையைத் திருத்தச் செய்தோம். குழாய் இப்போது கூரையோரமாக நேர்கோட்டில் சென்று, சுவர் மூலையை ஒட்டிச் செங்குத்தாக இறங்குகிறது. சீரான இடைவெளியில் பிடிப்பான்கள் அதைத் தாங்குகின்றன. மின்கம்பியினின்றும் விலகி நிற்கிறது. சுவரைத் துளைக்கும் இடத்தில் ஓர் உறை உண்டு. அடைப்பான் அம்மாவின் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. குழாய்க்கு மஞ்சள் வண்ணம் தீட்டினோம். முடிவில் சோப்பு நுரை தடவிக் குமிழி எழுகிறதா என்று ஒவ்வோர் இணைப்பையும் பார்த்தார் அவர். தீக்குச்சி கிழித்துச் சோதிக்கும் பேதைமை எவ்வீட்டிலும் நிகழாதிருக்கட்டும்.

குழாய் இன்னும் தெரிகிறது. விருந்தினர் சிலர் அதை இன்னும் சுட்டிக்காட்டுகின்றனர். சிலிண்டர் மாற்றும் நாள்தோறும் நம் இல்லத்துப் பிள்ளை நுரைக் கிண்ணத்தோடு இணைப்பு இணைப்பாகச் செல்கிறான். அம்மா அருகே நின்று, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குமிழி எழுகிறதா என்று உற்றுப் பார்க்கிறார். எழவில்லையெனில் "அல்ஹம்து லில்லாஹ்" என்று சொல்லி அடுப்பை மூட்டுகிறார்.