அம்மா செய்ய வேண்டியவை

எங்கள் மையத்தில் ஒரு அட்டை உண்டு. குழந்தைக்கு வீட்டில் என்னென்ன பயிற்சி கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதித் தருவோம். மேலே 'பெற்றோர் செய்ய வேண்டியவை' என்று அச்சடித்திருக்கும். ஒன்பது ஆண்டுகளாக நான் எழுதிய அட்டைகள் ஏறக்குறைய எல்லாமே அம்மாக்களின் கைக்குத்தான் போயிருக்கின்றன. பெற்றோர் என்றால் இரண்டு பேர் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் என்னைப் பெண்ணியவாதி என்று சொல்லிக்கொள்பவள் நான்.

நான் இயன்முறை மருத்துவர். மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில், ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் வேலை. 2013இல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் நடக்கும் மையம். வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளைச் சீக்கிரமே கண்டுபிடித்துப் பயிற்சி தொடங்குவது எங்கள் பணி. வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம் நாங்கள் செய்வதால் மட்டும் ஒரு குழந்தை உட்கார்ந்துவிடாது. மீதியெல்லாம் வீட்டில் நடக்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் மகனுக்கு அப்போது நான்கு வயது. பிறந்தவுடன் அழவில்லை, மூச்சுத் திணறல், அதனால் மூளை முடக்குவாதம். கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். வலிப்புக்கும் மருந்து ஓடிக்கொண்டிருந்தது. "கிரகணத்தன்னிக்கு வெளிய போனா, அதான்" என்பது மாமியாரின் தீர்ப்பு.

வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு நன்றாகவே சொல்லிக்கொடுத்திருந்தேன். ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் வைக்காதே, கையில் சாவியைத் திணிக்காதே, கடிகாரத்தைப் பார், ஐந்து நிமிடம் தாண்டினால் 108க்குப் போன் பண்ணு. ஒரு நாள் அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது பையனுக்கு வலிப்பு வந்தது. வீட்டில் இருந்தது பாட்டி. சாவிக்கொத்தைக் கையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது குடத்தோடு திரும்பி வந்த அம்மாதான்.

பிழைத்துக்கொண்டான். அடுத்த முறை வந்தவளிடம் நான் கேட்டது: "அவ்வளவு சொல்லியிருந்தேனே, வீட்ல சொல்லி வைக்க மாட்டியா?"

அதோடு விட்டிருக்கலாம். அட்டையை எடுத்துப் பார்த்தேன். நான்கு வேளைப் பயிற்சியில் பாதிக்கு மேல் டிக் இல்லை. இரண்டு வாரம் வேறு வரவில்லை. "உனக்கே அக்கறை இல்லன்னா நாங்க என்ன பண்றது?" என்றேன்.

அவள் அழவில்லை. விரல் விட்டு எண்ணினாள். "சோறு ஊட்ட ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் மேடம், மூணு வேளை. இங்க வர ரெண்டு பஸ். வந்தா நூறு நாள் வேலையில அன்னிக்கு ஆப்சென்ட்டு. பெரிய பொண்ண ஸ்கூலுக்கு அனுப்பணும். நீங்க எழுதினது நாலு தடவ, இருவது நிமிசம். இதுல நான் எப்ப குளிக்கிறதுன்னும் எழுதிக் குடுங்க."

என்னிடம் பதில் இல்லை. என் மகளை என் அம்மா பார்த்துக்கொள்வதால்தான் நான் காலை எட்டு மணிக்குப் பஸ் ஏற முடிகிறது. மத்திய அரசில் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள 730 நாள் விடுப்பு உண்டு. ஆண்களில் மனைவி இல்லாத அப்பாவுக்கு மட்டும் உண்டு. மனைவி இருக்கிற அப்பாவுக்கு அது தேவைப்படாது என்று அரசும் என்னைப் போலவே நினைத்திருக்கிறது. நூறு நாள் வேலைக்குப் போகிறவளுக்கு ஒரு நாள்கூடக் கிடையாது.

அன்று அந்த அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஒரு நாள் எப்படிப் போகிறது என்று முதல் முறையாகக் கேட்டேன். அவனைக் கைக்குழந்தை மாதிரி இரு கைகளிலும் ஏந்தித் தூக்கிக்கொண்டிருந்தாள். இடுப்பில், கால்களை இரு பக்கமும் அகட்டி உட்கார வைக்கச் சொன்னேன். இறுகிய கால்கள் விரியும், அவளுக்கும் ஒரு கை மிஞ்சும். சமைக்கும்போது இரண்டு சுவர் சேரும் மூலையில், பழைய புடவையைச் சுருட்டி அண்டக் கொடுத்து உட்கார வைக்கலாம். தனியாக உட்காரும் பயிற்சி வேண்டாம். இரண்டு வேளைப் பயிற்சி இப்படியே அடிபட்டுப்போனது. இதெல்லாம் எனக்குப் படிக்கும்போதே தெரியும். கேட்காததால் சொல்லவில்லை.

பிறகு அப்பாவுக்குப் போன் போட்டேன். கொத்தனார், சென்னையில் வேலை, பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊருக்கு வருவார். "அவளே நல்லா பாத்துக்குவா மேடம்" என்றார். பாட்டியையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை வாருங்கள் என்று மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது.

வந்தார்கள். வலிப்பைப் பற்றிப் பாட்டியிடமே நேராகப் பேசினேன். சாவியை எங்கே வைப்பது என்று கேட்டார். அதைத் தொடவே வேண்டாம், பிள்ளையை ஒருக்களித்துத் திருப்புங்கள் என்றேன். ஒரு பொம்மையை வைத்து ஐந்து முறை திருப்பிக் காட்டினார். முழுசாக நம்பிவிட்டார் என்று சொல்ல மாட்டேன்.

மதியச் சோற்றை அப்பாவிடம் கொடுத்தேன். முதல் வாய்க்கே பையனின் தலையைப் பின்னால் சாய்த்துவிட்டார். புரையேறியது. பயந்துபோய்க் கிண்ணத்தை மனைவியிடம் நீட்டினார். அவளும் கையை நீட்டிவிட்டாள். நான்தான் குறுக்கே போய், தலை கொஞ்சம் முன்னால் குனிந்திருக்கட்டும், அரைக் கரண்டி போதும், விழுங்கிய பிறகு அடுத்தது என்றேன். ஐம்பது நிமிடம் ஆயிற்று. சட்டை முழுக்கப் பருப்புச் சோறு.

"தெனமும் இவ்ளோ நேரமா?" என்று அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் அங்கே இல்லை. வாசல் கடையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள்.