வராத இளவரசருக்கு எழும்பிய கோபுரம்

யாழ்ப்பாணத்து மணிக்கூட்டுக் கோபுரத்தை எங்கள் சனம் வழி சொல்வதற்கே பெரும்பாலும் நினைத்துக்கொள்ளும். "மணிக்கூட்டுக் கோபுரத்தடியாலை திரும்பு" என்றால் றீகல் தியேட்டருக்குப் போகிறவருக்கும் நூலகத்துக்குப் போகிறவருக்கும் அது போதும். அது ஆருக்காக, ஆற்றை காசில் எழும்பியது என்று எனக்குச் சொல்லித் தந்தவர் என் அப்பப்பா.

கச்சேரியில் இலிகிதராக இருந்து இளைப்பாறியவர் அவர். எழுபதுகளின் தொடக்கத்தில், சனிக்கிழமைகளில் என்னை நூலகத்துக்குக் கூட்டிப் போவார். கொக்குவிலில் பஸ் ஏறி, பட்டணத்தில் இறங்கி, பிறகு நடை. வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, வெயிலுக்கு விரித்த குடை. குடை நிழலுக்குள் நான் நிற்கவேண்டும் என்பதற்காக அவர் வெயிலில் நடப்பார். முற்றவெளிப் பக்கமிருந்து கடற்காற்று வரும். அந்தக் காற்றோடு கோபுரமும் கண்ணில் படும்.

அண்ணாந்து பார்த்தால் ஒடுங்கி உயர்ந்த உடம்பு, வளைவுகள், உச்சியில் ஒரு குவிமாடம். கோயில் கோபுரம் போலவும் இல்லை, மாதா கோயில் போலவும் இல்லை. பள்ளிவாசலின் சாயல் கொஞ்சம் இருந்தது. ஆனால் தொழுகிறவர் ஒருவரையும் காணவில்லை.

"அப்பப்பா, இதுக்குள்ளை என்ன சாமி இருக்கு?"

"சாமி இல்லைப் பிள்ளை. வெள்ளைக்கார இளவரசர் ஒருத்தர் வந்த ஞாபகமாய்க் கட்டினது."

"அவர் இந்த றோட்டாலை வந்தவரோ?"

"இலங்கைக்கு வந்தவர். யாழ்ப்பாணத்துக்கு வரேல்லை."

வராத ஒருவருக்கு ஏன் இவ்வளவு உயரத்தில் ஒரு கோபுரம்? அந்தக் கேள்வியோடு நான் நின்றுவிட்டேன். அப்பப்பா அவசரப்படுத்தவில்லை. வேலியோரமாக ஒதுங்கி, குடையை மடக்காமல் கதையைத் தொடங்கினார். அன்று அவர் சொன்னதும், பிறகு நானே நூலகத்தில் தேடி வாசித்ததும் இன்று ஒன்றாகக் கலந்து நிற்கின்றன.

அந்த இளவரசர் விக்ரோறியா மகாராணியின் மூத்த மகன் அல்பேட் எட்வேட், பின்னாளில் ஏழாம் எட்வேட் மன்னர். 1875 டிசம்பரில் கொழும்பில் வந்திறங்கினார். கண்டிக்குப் போனார், யானை வேட்டையாடினார், கொழும்புத் துறைமுக அலைதடுப்புக்கு அடிக்கல் நாட்டினார். பிறகு கப்பலேறித் தூத்துக்குடியில் இறங்கி, ரயிலில் மதுரை, திருச்சி வழியாகச் சென்னைக்குப் போய்விட்டார். யாழ்ப்பாணத்துக்கு அப்போது ரயில் இல்லை. கொழும்பிலிருந்து இங்கே தண்டவாளம் வந்து சேர்ந்தது 1905இல்தான்.

ஆனாலும் அந்த வருகையின் நினைவாக யாழ்ப்பாணத்தவர் காசு சேர்த்தார்கள். துவைனந்துரை அரசாங்க அதிபராக இருந்த காலம் அது. கொழும்பு நூதனசாலைக் கட்டடத்தை வரைந்த ஸ்மிதர் என்ற கட்டடக் கலைஞரே இதற்கும் படம் வரைந்தார். 1882இல் கோபுரம் முடிந்தது.

இந்த இடத்தில் அப்பப்பாவின் குரல் தாழ்ந்தது. "பிள்ளை, அந்த ரெண்டு ஆண்டுக்கும் இடையிலை என்ன நடந்தது தெரியுமோ? பஞ்சம். வாந்திபேதி. நாவலர் ஐயா கஞ்சித்தொட்டி வைச்சுச் சனத்துக்குச் சோறு போட்ட காலம். அதுக்குப் பிறகும் இந்தச் சனம் குடுத்த காசிலை எழும்பினதடி இது."

அயர்லாந்தில் 1740இல் பஞ்சத்தில் தவித்த ஏழைகளுக்குக் கூலி கிடைக்கட்டும் என்பதற்காகவே கதரின் கொனொலி என்ற சீமாட்டி, வேறு பயன் எதுவுமில்லாத பெரிய தோரணக் கட்டடம் ஒன்றைக் கட்டுவித்தார் என்று பின்னாளில் வாசித்தேன். அங்கே செல்வம் படைத்தவர் கொடுத்தார், ஏழைகள் கட்டினார்கள். இங்கே பஞ்சத்தைக் கடந்து வந்த ஊர் கொடுத்தது, மரியாதை அரண்மனைக்குப் போனது. அப்பப்பாவின் குரல் ஏன் தாழ்ந்தது என்பது அதை வாசித்த அன்றுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

1981இல் எங்கள் நூலகத்தை எரித்தார்கள். நான் விரல் வைத்து வாசித்த புத்தகங்கள் சாம்பலாயின. பிறகு வந்த போர் கோபுரத்தையும் சிதைத்தது. 2002இல் பிரித்தானிய உதவியோடு அதைத் திருத்தி எடுத்தார்கள். அதைப் பார்க்க அப்பப்பா இருக்கவில்லை.

என் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போனபோது இளவரசரின் கதையைச் சுருக்கமாகவே சொன்னேன், கஞ்சித்தொட்டிக் காலத்தை விரிவாகச் சொன்னேன். ஒரு கட்டடத்தைக் கண்டால் அது ஆருடைய பெயரில் நிற்கிறது என்று கேட்பதோடு விடக்கூடாது, ஆர் கொடுத்துக் கட்டியது என்றும் கேட்கவேண்டும் என்பது அப்பப்பா எனக்குத் தந்த படிப்பு. பெயர் இளவரசருடையதாக இருந்துவிட்டுப் போகட்டும். பசியின் நினைவு ஆறுமுன்பே தங்கள் கையிலிருந்ததைக் கொடுத்த யாழ்ப்பாணத்துச் சனத்துக்கே அந்தக் கோபுரம் சொந்தம்.