மூன்று வருடப் பாண்டு

ஓசூரில் வக்கீல் தொழில் பார்ப்பவனிடம் வருகிற கட்டுகள் பெரும்பாலும் நிலம், செக், ஜீவனாம்சம். சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிற ஊர் என்பதால் தொழிலாளர் தாவாக்களும் உண்டு. ஒரு தேசிய ஆராய்ச்சி நிறுவனம் தன் விஞ்ஞானி மேலேயே பண வசூல் வழக்குப் போட்டு, அந்தக் கட்டு என் மேஜைக்கு வந்தது ஒரே ஒரு முறைதான். நடந்து பத்து வருடம் இருக்கும். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். பெங்களூரில் மத்திய அரசு நிதியில் நடப்பது என்பது போதும்.

என் கட்சிக்காரர் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். வீட்டில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். உலோகத்தின் மேல் சில மைக்ரான் கனத்தில் கடினப் பூச்சு ஏற்றும் நுட்பத்தில் பிஎச்.டி. முடித்து, அகில இந்தியத் தேர்வில் முதல் பெயராக எடுக்கப்பட்டவர். அடுத்த வருடமே நிறுவனம் அவரை இரண்டு வருடப் பயிற்சிக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அனுப்பியது. ஆளைத் தேர்ந்தெடுத்ததிலும் அனுப்பியதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. போகும் முன் ஒரு பாண்டு எழுதி வாங்கினார்கள். திரும்பி வந்து மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும். தவறினால் பாண்டில் குறித்த தொகை முழுவதையும் 12 சதவீத வட்டியோடு கட்ட வேண்டும். தகுதிகாண் பருவம் முடியாதவர் என்பதால் இரண்டு ஜாமீன் கேட்டார்கள். அப்பாவும் தாய்மாமனும் கையெழுத்துப் போட்டார்கள்.

திரும்பி வந்து 14 மாதத்தில் ராஜினாமா செய்தார். ஓசூரில் வெட்டுக்கருவி தயாரிக்கும் ஒரு ஆலையின் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தார். நிறுவனம் விடுவிப்பு ஆணை தர மறுத்தது, நோட்டீஸ் வந்தது, பிறகு வழக்கு. பெங்களூரிலேயே போட்டிருக்கலாம். ஜாமீன்தாரர்களின் நிலம் இந்தப் பக்கம் இருந்தது. நாளைக்கு டிக்ரி வாங்கி ஜப்தி செய்ய வசதி என்று ஓசூர் சார்பு நீதிமன்றத்துக்கு வந்தார்கள். கூடவே தீர்ப்புக்கு முந்தைய ஜப்திக்கும் ஒரு மனு. அப்பாவுக்கு வழக்கின் பெயரே அந்த மனுதான். ராகியும் தக்காளியும் விளைகிற நிலத்தை விற்க மாட்டோம் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்து அந்த மனுவை முதலில் தள்ளுபடி செய்ய வைத்தேன். அதற்குப் பிறகுதான் பெரியவர் என் அலுவலகத்தில் உட்கார்ந்து காபி குடித்தார்.

எதிருரை எழுதும்போது என் ஜூனியர் இரண்டு யோசனை சொன்னார். முதலாவது, ஆங்கிலத்தில் இருந்த பாண்டு பெரியவருக்குப் புரியவில்லை என்று எடுப்பது. கேட்டுப் பார்த்தேன். “படிச்சுச் சொன்னாங்க சார். தெரிஞ்சுதான் போட்டேன்” என்றார். அதோடு அது முடிந்தது. இரண்டாவது, ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27. தொழில் செய்யத் தடை போடும் ஒப்பந்தம் செல்லாது என்பது அது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இந்தப் பாண்டு அவரை எந்த ஆலைக்கும் போகக் கூடாது என்று சொல்லவில்லை. போனால் பணம் கட்டு என்றது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்துவிட்டது. மூன்று வருடத்துக்குள் விலகிய அதிகாரி 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை தொழில் தடை ஆகாது என்றது. பாண்டே அநியாயம் என்று நானும் சொல்ல மாட்டேன். பொதுப்பணத்தில் படித்தவன் கொஞ்ச காலம் உழைத்துவிட்டுப் போகட்டும் என்பதில் என்ன தவறு? மத்திய அரசின் 1972ஆம் வருட விடுப்பு விதிகளிலேயே படிப்பு விடுப்புக்குப் பிறகு மூன்று வருடம் என்றுதான் இருக்கிறது.

ஆகவே சண்டை முழுவதும் பிரிவு 74-இல் நடந்தது. ஒப்பந்தத்தில் அபராதமாக ஒரு தொகை குறித்திருந்தாலும், அந்தத் தொகையை உச்சவரம்பாக வைத்து, நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்கிறது அந்தப் பிரிவு. 1963இல் ஃபதே சந்த் வழக்கிலிருந்து 2015இல் கைலாஷ் நாத் வழக்கு வரை உச்ச நீதிமன்றம் சொல்லி வருவதும் அதுதான்: நட்டத்தை நிரூபிக்க முடிகிற இடத்தில் நிரூபித்தாக வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் சேலத்துக்காரர், கெட்டிக்காரர். அவர் அதே பிரிவின் விதிவிலக்கை எடுத்து வைத்தார். அரசு உத்தரவின் கீழ், பொதுமக்களுக்கு அக்கறையுள்ள ஒரு காரியத்துக்காகப் பாண்டு கொடுத்தவர், மீறினால் முழுத்தொகையும் கட்ட வேண்டும் என்பது அது. தேசத்தின் விஞ்ஞானத்தை விடப் பொது அக்கறை வேறு எது என்று கேட்டார். நீதிமன்றத்தில் அது எடுபட்டது. நீதிபதி தலையாட்டியதைப் பார்த்தேன்.

அந்த விதிவிலக்குக்குக் கீழே ஒரு விளக்கம் இருக்கிறது. பலர் அதுவரை படிக்க மாட்டார்கள். அரசோடு ஒப்பந்தம் செய்து கொண்டதாலேயே ஒருவர் பொதுக்கடமை ஏற்றவராகிவிட மாட்டார் என்கிறது அது. அதைப் படித்துக் காட்டிவிட்டு, அந்தப் பொதுக்காரியம் என்ன, அதை அவர் செய்ய நிறுவனம் என்ன வழி வைத்தது என்ற கேள்விக்கு வழக்கைக் கொண்டு போனேன். நிர்வாக அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்தபோது நடந்தது:

“பிரதிவாதி எந்தக் கருவியில் பயிற்சி எடுக்கப் போனார்?”

பெயரைச் சொன்னார்.

“அவர் திரும்பி வந்தபோது அந்தக் கருவி நிறுவனத்தில் இருந்ததா?”

“கொள்முதல் கோப்பு பரிசீலனையில் இருந்தது.”

“அவர் ராஜினாமா செய்த அன்று?”

“பரிசீலனையில் இருந்தது.”

“இன்று?”

நீதிபதியைப் பார்த்தார். “பரிசீலனையில் இருக்கிறது.”

அந்த 14 மாதமும் அவர் பார்த்த வேலைகளின் அலுவலக ஆணைகளைச் சான்றாவணங்களாகக் குறியீடு செய்தோம். கேன்டீன் குழு. பழைய தளவாடங்களை ஏலம் விடும் குழு. செப்டம்பரில் இந்தி இருவார விழாவுக்கு ஒருங்கிணைப்பாளர். தேன்கனிக்கோட்டைக்காரருக்கு அந்தப் பொறுப்பு எப்படி வந்தது என்று நீதிபதியே கேட்டார். பதில் வரவில்லை. கருவி கேட்டு அவர் எழுதிய கடிதங்களின் நகல்கள் எல்லாம் தேதியோடு இருந்தன. விஞ்ஞானிகள் நல்ல கட்சிக்காரர்கள்; எதையும் குறித்து வைக்கிறார்கள்.

வாதத்தில் நான் நம்பி எடுத்துப்போன தீர்ப்பு, 1989இல் சி.எஸ்.ஐ.ஆர். எதிர் கே.ஜி.எஸ். பட். அது பாண்டு வழக்கே இல்லை. ஏறத்தாழ இருபது வருடம் பதவி உயர்வுக்கு வழியில்லாமல் இருந்த ஒரு பொறியாளரின் வழக்கு. நிறுவனம் ஓர் ஆளை எடுப்பது ஒரு வேலைக்கு மட்டுமல்ல, அவருடைய முழுப் பணிவாழ்வுக்கும் சேர்த்துத்தான். வளர வாய்ப்புத் தர வேண்டியது அதன் கடமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பதவி உயர்வு விதிக்கு நிர்வாகத் தீர்ப்பாயம் சொன்ன பொருளில் உடன்பாடு இல்லாதபோதும் பட்டுக்குக் கிடைத்த நிவாரணத்தில் கை வைக்கவில்லை. சேலத்துக்காரர் எழுந்து, பதவி உயர்வுக்கும் பாண்டுக்கும் என்ன சம்பந்தம் என்றார். சட்டப்படி அவர் கேட்டது சரியான கேள்வி.

சம்பந்தம் உண்டு என்பதற்குத் தேசம் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது. 1972 மே மாதம் டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் வினோத் ஷா என்ற விஞ்ஞானி, மனம் வெறுத்துத் தன் உயிரை மாய்த்துக் கொண்டார். நாடாளுமன்றம் வரை பேச்சானது. ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. கும்பகோணத்துக்காரரான எம்.எஸ்.சுவாமிநாதன் வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராக இருந்த காலத்தில், 1973இல் விஞ்ஞானிகளைத் தேர்ந்தெடுக்கத் தனி வாரியமும், 1975இல் வேளாண் ஆராய்ச்சிப் பணி என்ற தனிப் பணியும் வந்தன. மேலே காலியிடம் இருக்கிறதா என்று பார்க்காமல், குறிப்பிட்ட வருடங்களுக்கு ஒரு முறை விஞ்ஞானியின் வேலையை மதிப்பிட்டு உயர்த்துவது என்பது அதில் முக்கியமான ஏற்பாடு. 1983இல் மற்ற அறிவியல் துறைகளுக்கும் காலியிடம் பார்க்காத உயர்வுத் திட்டம் ஒன்று வந்து, 1998இல் திருத்தப்பட்டது. ஆனால் மதிப்பிட வேலை என்று ஒன்று இருக்க வேண்டுமே. கருவி இல்லாதவரின் மதிப்பீட்டுப் படிவத்தில் ஏல விவரமா எழுதுவது? இதைக் கோர்ட்டிலும் கேட்டேன். கொஞ்சம் குரல் உயர்ந்துவிட்டது, நீதிபதி விட்டுவிட்டார்.

அப்பாவின் சாட்சியம் கன்னடத்தில் நடந்தது, மொழிபெயர்த்து எழுதினார்கள். மகன் ஏன் வேலையை விட்டார் என்று எதிர்த்தரப்பு கேட்டது. “வேலை கொடுக்கலை, விட்டுட்டான்” என்றார். வேறு கேள்வி வரவில்லை.

தீர்ப்பு எங்கள் பக்கம் முழுதாகச் சாயவில்லை. பாண்டு செல்லும் என்றார் நீதிபதி. கருவி வாங்காதது வருந்தத்தக்கது, ஆனால் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் அளவுக்கு அது போகாது என்றார். அதில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை. பிரிவு 74-இன் விதிவிலக்கு பொருந்தாது, நிறுவனம் உண்மையில் செலவழித்ததற்குக் கணக்குக் கொடுக்கட்டும் என்றார். விமானக் கட்டணம், காப்பீடு, விடுப்புக் காலச் சம்பளம் ஆகியவற்றுக்கு மட்டும் கணக்கு வந்தது. அங்கே தங்கிய செலவை அந்தப் பல்கலைக்கழகமே உதவித்தொகையாகக் கொடுத்திருந்தது. விடுப்புச் சம்பளத்தைக் கழிக்க வேண்டும் என்ற என் வாதம் தோற்றது. 36 மாதத்தில் 14 மாதம் வேலை பார்த்துவிட்டதால் மொத்தச் செலவில் 36-இல் 22 பங்குக்கு டிக்ரி. வட்டி 12-லிருந்து 6 சதவீதமாக இறங்கியது. எல்லாம் சேர்ந்து, கேட்டதில் பாதிக்கும் குறைவாக நின்றது. கடனாளியின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவே ஜாமீனுக்கும் என்பதால் அப்பா, மாமனின் பொறுப்பும் அந்த அளவுக்கு இறங்கியது.

என் கட்சிக்காரர் தவணை கேட்கவில்லை. ஆலையில் முன்பணம் வாங்கி ஒரே தடவையில் நீதிமன்றத்தில் கட்டினார். கிருஷ்ணகிரி மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போக 30 நாள் இருந்தது. இரண்டு தரப்பும் போகவில்லை. பணம் கட்டிய ரசீதை அனுப்பிய பிறகு விடுவிப்பு ஆணை தபாலில் வந்தது.