இது யாருக்குச் சொல்லும்?

ஜிந்துப்பிட்டியில் நாங்கள் குடியிருப்பது பழைய காலத்து வீடு. தடித்த சுவர்கள், உயர்ந்த கூரை, வீதியிலிருந்து உள்ளே நீண்டு செல்லும் ஒடுங்கிய நடை. காற்று வாய்ப்பாக இருந்தால் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலின் மணியோசை முன்னறை வரை வரும். அம்மாவின் அறைக்கும் குளியலறைக்கும் இடையில் அந்த நடை கிடக்கிறது. அதன் விளக்குக்கான ஆளியோ மறுமுனையில் இருக்கிறது. எண்பத்து நான்கு வயதான அம்மா சென்ற ஆண்டு ஓரிரவு இருளில் கால் இடறி விழுந்தார். நல்லகாலம், எலும்பு முறியவில்லை. ஆனால் பத்திரிகைக் காரியாலயத்தில் இரவுப் பணியில் இருந்த எனக்கு அது மறுநாள் காலையில்தான் தெரியவந்தது. ஊர்ச் செய்திகளையெல்லாம் முதற்பக்கத்தில் அடுக்கி அனுப்பிவிட்டு வந்தவனுக்கு வீட்டுச் செய்தி கடைசியாகவே கிடைத்தது.

மெல்பேர்னில் இருக்கும் மகள் உடனே ஒரு தீர்வு சொன்னாள். வீடெங்கும் கமரா பூட்டுங்கள், கைத்தொலைபேசியில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். எனக்கும் அதில் விருப்பமில்லை. சந்தையில் கிடைக்கும் இத்தகைய கருவிகள் பலவற்றில், நாம் அறைக்குள் இருந்தபடி விளக்கைப் போடச் சொன்னாலும், அக்கட்டளை கடல்கடந்து ஒரு நிறுவனத்தின் வழங்கிக்குச் சென்று திரும்பிய பின்னரே விளக்கு எரிகிறது. அந்த வழங்கி நின்றால் எல்லாமே நின்றுவிடும். நெஸ்ட் நிறுவனம் 2014இல் வாங்கிய 'ரிவோல்வ்' கருவியின் சேவை 2016 மே மாதத்தில் நிறுத்தப்பட்டபோது, காசு கொடுத்து வாங்கியவர்களின் கைகளில் வெறும் பெட்டிகளே எஞ்சின. 2022 ஏப்ரலில் 'இன்ஸ்டியோன்' வழங்கிகளும் முன்னறிவிப்பின்றி நின்றன. பின்னர் பாவனையாளர் சிலர் சேர்ந்து அந்நிறுவனத்தை வாங்கியே அதனை மீட்டெடுத்தார்கள்.

ஆகவே வீட்டுக்குள்ளேயே இயங்கும் மென்பொருள் ஒன்றைத் தேடினேன். 'ஹோம் அசிஸ்டன்ட்' கிடைத்தது. பவுலஸ் ஸ்கவுட்சன் என்ற நெதர்லாந்துக்காரர் 2013இல் தனது வீட்டு விளக்குகளுக்காக எழுதத் தொடங்கியது அது. இலவசமானது, மூலநிரல் எவருக்கும் திறந்திருக்கிறது. உள்ளங்கையளவு 'ரஸ்பெரி பை' கணனி ஒன்றில் அதனை நிறுவினேன். கலைப்பட்டதாரியான எனக்கு அது மூன்று வார இறுதிகளை எடுத்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதல் தடை சுவருக்குள் இருந்தது. இவ்வகை ஆளிகளிற் பெரும்பாலானவற்றுக்கு 'நியூட்ரல்' வயர் வேண்டும். எங்கள் பழைய ஆளிப் பெட்டிகளில் அது இல்லை. சுவரை உடைக்க மனமின்றி, ஆளிகளை விட்டுவிட்டு மின்குமிழ்களை மாற்றினேன். அடுத்தது தொடர்பு. குமிழ்களும் அசைவை உணரும் சிறு கருவிகளும் 'சிக்பீ' என்ற குறைந்த வலு வானொலி அலையிற் பேசுகின்றன. தடித்த சுவர்கள் அதனை விழுங்கிவிடும். ஆனால் மின்சாரத்தில் இயங்கும் சிக்பீ குமிழ்களிற் பெரும்பாலானவை செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும். ஆகவே கணனிக்கு அருகிலிருந்து தொடங்கி, நடை வழியாக அம்மாவின் அறை வரை ஒவ்வொன்றாக இணைத்துச் சென்றேன்.

பின்னர் விதிகளை எழுத வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் தூண்டல், நிபந்தனை, செயல் என மூன்று பாகங்கள். நடையில் அசைவு தெரிந்தால் அது தூண்டல். சூரியன் மறைந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. விளக்கை மங்கலாக எரியவிடுவது செயல். வீடு இருக்கும் இடத்தைக் குறித்துக் கொடுத்தால் சூரியன் மறையும் நேரத்தை மென்பொருளே கணித்துக்கொள்ளும். முன்கதவில் ஓர் உணர்கருவியும் முன்னறையில் இன்னொன்றும் பொருத்தினேன்.

முதல்நாள் அம்மா நடையில் கால்வைக்க விளக்கு எரிந்தது. அவர் நின்று மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் வாறது இதுக்குத் தெரியுது. இது ஆருக்குச் சொல்லும், தம்பி?"

"ஒருத்தருக்கும் சொல்லாது அம்மா. வீட்டுக்குள்ளையே இருக்கும்" என்றேன். அந்த விடை பாதிதான் சரி என்பது பின்னரே விளங்கியது.

2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டைக் கண்ட நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு அகப்பட்டு நாடே இருளில் மூழ்கியதாக அமைச்சர் விளக்கமளித்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். திடீரென மின் போனால் கணனியின் நினைவட்டை பழுதாகலாம் என்று சிறிய யூ.பி.எஸ். ஒன்றைப் பொருத்தியிருந்தேன். குமிழ்களைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை.

ஓரிரவு நள்ளிரவுக்குப் பின் மின் போய்த் திரும்பியது. மூன்று மணி கடந்து நான் வீடு வந்தபோது, வீதியில் எங்கள் வீடு மட்டும் கலியாண வீடு போல ஒளிவெள்ளத்தில் நின்றது. மின் மீண்டதும் முழுப் பிரகாசத்துடன் எரியும்படியே அக்குமிழ்கள் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. கதவைத் திறந்தேன். அம்மா முன்னறைக் கதிரையில் அமர்ந்திருந்தார். தலைவாரி, சேலை மாற்றி உடுத்தியிருந்தார். மடியில் ஒரு பிளாஸ்ரிக் உறை. அதற்குள் அடையாள அட்டையும், பல ஆண்டுகளுக்கு முந்திய பொலிஸ் பதிவுப் படிவத்தின் பிரதியும்.

"எல்லா லைற்றும் எரிஞ்சுது. வந்திட்டினமோ எண்டு நினைச்சன்" என்றார்.

கொழும்பில் அக்காலத்தில் வாழ்ந்த தமிழருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் பொலிஸில் பதியப்பட்டிருக்க வேண்டும். நள்ளிரவில் கதவு தட்டப்படும். எல்லா விளக்குகளும் போடப்படும். பட்டியலும் ஆட்களும் ஒத்துப்பார்க்கப்படும். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அச்செய்திகளை எழுதிய மேசைகளில் ஒன்றில் நானும் இருந்தேன். அம்மாவோ வீட்டில் அந்த உறையோடு இருந்திருக்கிறார்.

அவரை உறங்க வைத்துவிட்டு, விளக்குகள் எப்போது எரிந்தன என்று பார்க்க மென்பொருளின் பதிவேட்டைத் திறந்தேன். 2.41: அனைத்து விளக்குகளும். 2.43: அம்மாவின் அறையில் அசைவு. 2.52: நடை. 2.53: முன்னறை. 3.16: முன்கதவு திறந்தது. உடைமாற்ற ஒன்பது நிமிடம். காத்திருக்க இருபத்து மூன்று நிமிடம். அன்று எனது நெஞ்சைத் தொட்ட விடயம் அதுமட்டுமன்று. இந்த வீட்டில் யார், எந்த நேரத்தில், எந்த அறையில் என்ற பட்டியல் மீண்டும் ஒன்று உருவாகியிருந்தது. இம்முறை அதனைத் தயாரித்தவன் நான். நாமாக மாற்றாவிட்டால் பத்து நாட்களுக்கு அது அப்படியே சேமிக்கப்பட்டிருக்கும்.

மறுநாள் இரண்டு அமைப்புகளை மாற்றினேன். மின் மீளும்போது குமிழ்கள் முன்பிருந்த நிலைக்கே திரும்ப வேண்டும் என்பது ஒன்று. உணர்கருவிகள் எதுவும் பதிவேட்டில் இடம்பெறக்கூடாது என்பது மற்றது. அசைவு விளக்கைப் போடும். அதன்பின் அதற்கு நினைவில்லை. ஒரேயொரு விதிவிலக்கு வைத்தேன். இரவில் நடைக்கு வந்தவர் இருபது நிமிடங்களாகியும் அறைக்குத் திரும்பாவிட்டால் எனது கைத்தொலைபேசிக்கு ஓர் அறிவித்தல் வரும். அது வெளி வழங்கிகள் ஊடாகவே வரவேண்டும் என்பதால், 'வீட்டுக்குக் கோல் எடு' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் அதில் இல்லை.

அம்மாவின் கேள்விக்கு இப்போது சரியான விடை கிடைத்துவிட்டது.

"எனக்கு மட்டும் சொல்லும் அம்மா. அதுவும் நீங்கள் திரும்பி வராட்டித்தான்."

"அப்ப சரி" என்றார்.

விளக்கில் அவருக்கு இப்போது பயமில்லை. அந்த உறையை மட்டும் இன்னும் அலுமாரிக்குத் திருப்பவில்லை. தலையணைக்கு அருகிலேயே இருக்கிறது. நானும் கேட்கவில்லை.