ஒன்பதாம் வகுப்பும் ஒரு பெப்ரவரிப் படிவமும்

ரொறன்ரோ



கார்த்திகையில் தொடங்கித் தை மாதம் வரை, ஸ்காபரோவின் உயர்நிலைப் பள்ளிகளில் ஆண்டுக்கு ஒரு மாலையாவது வாகனத் தரிப்பிடம் நிரம்பிவிடும். அடுத்த செப்டெம்பரில் ஒன்பதாம் வகுப்புக்கு வரப்போகும் பிள்ளைகளையும் பெற்றோரையும் பள்ளி கூப்பிட்டு வைத்துப் பேசுகிற மாலை அது. உடற்பயிற்சி மண்டபத்தில் கதிரைகள் போட்டிருப்பார்கள். அதிபர் பேசுவார். வழிகாட்டல் ஆசிரியர்கள் பாடத் தெரிவை விளக்குவார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் சின்னக் கூட்டங்களாகப் பிரித்து ஆய்வுகூடம், மரவேலைக் கூடம், இசை அறை, நூலகம் என்று சுற்றிக் காட்டுவார்கள். நடைபாதையில் கழகங்களின் மேசைகள் வரிசையாக இருக்கும். ரோபோ செய்கிறவர்கள், விவாதக் குழு, கூடைப்பந்து, பல பள்ளிகளில் தமிழ் மாணவர் சங்கமும்.

பெற்றோர் சபையில் இருப்பதால் இப்படியான மாலைகளில் வரவேற்பு மேசையில் நிற்பது என் வழக்கம். நம்மவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். வேலைத்தலத்துச் சீருடையோடு நேரே வருகிற அம்மாக்கள், இரவு வேலைக்குப் போக முன் அரை மணித்தியாலம் எட்டிப் பார்க்கிற அப்பாக்கள். வருகிறார்கள், பின்வரிசையில் இருக்கிறார்கள், ஒரு கேள்வியும் கேட்காமல் போகிறார்கள். ரீச்சர்மாருக்குத் தெரியாததா, பிள்ளையே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். ஆசிரியரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பண்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இங்குள்ள பள்ளி, பெற்றோர் வந்து கேட்பார்கள் என்று நினைத்துக் கட்டப்பட்ட பள்ளி. கேட்காத பெற்றோருக்கு எல்லாம் தெரியும் என்றே அது எடுத்துக்கொள்கிறது. அந்த மாலையில் விளங்காமல் போகிறவற்றை, இந்த வருடம் பிள்ளையோடு கனடாவுக்கு வரப்போகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் அனுமதி. ஒன்ராறியோ மாகாணத்தில் ஒவ்வொரு வீட்டு முகவரிக்கும் ஒரு பொதுப் பள்ளி உண்டு. அந்த எல்லைக்குள் குடியிருந்தால் அந்தப் பள்ளியில் உங்கள் பிள்ளைக்கு இடம் உண்டு. யாருடைய சிபாரிசும் தேவையில்லை, நன்கொடை இல்லை, கட்டணம் இல்லை, பாடநூலும் பள்ளியே இரவலாகத் தரும். பிறந்த திகதிக்கான சான்று, முகவரிக்கான சான்று, தடுப்பூசி விவரம், குடிவரவுப் பத்திரங்கள் ஆகியவற்றைக் கொண்டுபோக வேண்டும். குடிவரவு நிலை இன்னும் தீராத குடும்பங்கள் இந்த இடத்தில்தான் பயந்து நின்றுவிடுகின்றன. மாகாணக் கல்விச் சட்டத்தின் 49.1 ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பதினெட்டு வயதுக்கு உட்பட்ட ஒரு பிள்ளையை, பிள்ளையோ பெற்றோரோ சட்டப்படியான அனுமதியின்றிக் கனடாவில் இருக்கிறார்கள் என்ற காரணத்துக்காகப் பள்ளி மறுக்க முடியாது. அகதிக் கோரிக்கை முடியும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்கத் தேவையில்லை. இதை அறியாமல் ஒரு பிள்ளை ஒரு மாதம் வீட்டில் இருந்தாலும் அது பெரிய அநியாயம்.

நல்ல பள்ளி எது என்ற கேள்வி அடுத்தது. ஃபிரேசர் நிறுவனம் வெளியிடும் தரவரிசையைப் பார்த்து வீடு வாங்குகிறவர்கள் நம்மிடையே ஏராளம். மாகாணப் பரீட்சைப் புள்ளிகளை வைத்துச் செய்யப்படும் வரிசை அது. ஒரு பகுதியின் பெற்றோருடைய வருமானத்தைச் சொல்லுமளவுக்கு அங்குள்ள ஆசிரியரின் திறமையை அது சொல்லாது என்பது என் உறுதியான கருத்து. 1998 முதல் பள்ளிகளுக்கான பணத்தை மாகாண அரசே ஒரே சூத்திரப்படி பங்கிடுகிறது. பணக்காரப் பகுதியின் சொத்துவரி அந்தப் பகுதிப் பள்ளிக்கு மட்டும் போய்ச் சேரும் ஏற்பாடு இங்கே இல்லை. பெற்றோர் சபைகள் திரட்டும் நிதியில் வேறுபாடு இருக்கிறது, அதை மறைக்க முடியாது. அதற்காகச் சக்திக்கு மீறிக் கடன் பட்டு இடம் மாறி, இரண்டு வேலை செய்து, பிள்ளையோடு இருந்து பேச நேரமில்லாமல் போவதை விட, பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அதன் கூட்டங்களுக்குப் போவது மேல்.

இனி, கிரெடிட் கணக்கு. நம் ஊரான இலங்கையில் ஓ.எல்., ஏ.எல். என்று இரண்டு பெரிய பரீட்சைகள் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். இங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் அப்படி ஒரு பொதுப் பரீட்சை கிடையாது. உயர்நிலைப் பள்ளிப் பட்டயம் பெற நான்கு ஆண்டுகளில் 30 கிரெடிட் சேர்க்க வேண்டும். ஒரு பாடம், 110 மணித்தியாலம், ஒரு கிரெடிட். பெரும்பாலான பள்ளிகளில் ஆண்டு இரண்டு செமஸ்டராகப் பிரியும். செப்டெம்பரிலிருந்து ஜனவரி வரை நாலு பாடம், பெப்ரவரியிலிருந்து ஜூன் வரை வேறு நாலு பாடம். மணி அடித்தால் ஆசிரியர் வகுப்புக்கு வருவதில்லை, பிள்ளைதான் அறை மாறிப் போக வேண்டும். ஒவ்வொரு அறையிலும் வேறு முகங்கள். பதினாலு வயதுப் பிள்ளைக்கு, அதுவும் இப்போதுதான் விமானத்தால் இறங்கிய பிள்ளைக்கு, பாடத்தைவிட இதுதான் முதல் மாதத்தில் கடினம். மதியச் சாப்பாட்டை யாரோடு இருந்து சாப்பிடுவது என்ற கவலை சின்னக் கவலை இல்லை. ஓகஸ்ட் கடைசியில், பள்ளி திறக்க முன்பே, புதிதாக வந்த மாணவர்களைக் கூப்பிட்டு மூத்த மாணவர்களைக் கொண்டு பள்ளியைப் பழக்குகிற அறிமுக வாரம் பல இடங்களில் நடக்கிறது. மத்திய அரசின் நிதியில் பள்ளிகளுக்குள்ளேயே வேலை செய்யும் குடியேற்ற உதவியாளர்கள் அதை நடத்துகிறார்கள். பிள்ளை வெட்கப்பட்டாலும் அந்த வாரத்துக்கு அனுப்பிவிடுங்கள். முதல் நண்பர் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறார்.

2024 செப்டெம்பரில் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தவர்கள் முதல் கட்டாயக் கிரெடிட் 17, விருப்பக் கிரெடிட் 13. கட்டாயத்தில் ஆங்கிலம் நான்கு, கணிதம் மூன்று, விஞ்ஞானம் இரண்டு. மிச்சத்தில் பிரெஞ்சு, கனடிய வரலாறு, புவியியல், கலை, உடற்கல்வி எல்லாம் வரும். தொழில்நுட்பக் கல்வியும் இந்தத் தொகுதியிலிருந்து கட்டாயமாகிவிட்டது. மரவேலையும் மின்வேலையும் படிப்பு இல்லை என்று நினைக்கிற பெற்றோருக்கு இது நல்ல பாடம் என்று நினைக்கிறேன். ஆங்கிலம் புதிதாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஏ முதல் ஈ வரை ஐந்து நிலைகளில் தனி ஆங்கில வகுப்பு உண்டு. அந்த வகுப்பில் போட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று அடம்பிடித்து வெளியே எடுத்த பெற்றோரை அறிவேன். அந்த வகுப்புகளில் மூன்று கிரெடிட் வரை கட்டாய ஆங்கிலத்தின் கணக்கிலேயே சேரும், நான்காவதாகப் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தைப் படித்தால் போதும். பத்தாம் வகுப்பு எழுத்தறிவுப் பரீட்சையையும் இந்தப் பிள்ளைகளுக்கு ஒத்திவைக்கலாம். இழப்பு ஒன்றுமில்லை.

சற்றுப் பெரிய பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் படித்த ஒவ்வொரு வகுப்பின் தேர்ச்சி அறிக்கையையும், ஓ.எல். பெறுபேற்றையும், ஆங்கில மொழிபெயர்ப்போடு கையில் கொண்டு வாருங்கள். அவற்றைப் பார்த்து இத்தனை கிரெடிட் என்று ஒப்புக்கணக்குக் கொடுக்கும் அதிகாரம் இங்குள்ள அதிபருக்கு உண்டு. காகிதம் இல்லாவிட்டால், ஊரில் நன்றாகப் படித்த பிள்ளை படித்ததையே மறுபடியும் படிக்க நேரும். உடுப்புப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

நாற்பது மணித்தியாலச் சமூக சேவையும் பட்டயத்துக்குக் கட்டாயம். எட்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம். முதியோர் சங்கத்திலோ உணவு வங்கியிலோ பிள்ளை வேலை செய்யலாம், சம்பளம் வாங்கக் கூடாது. பல கல்விச்சபைகள் வார இறுதியில் நடத்தும் தமிழ் வகுப்பில் சேர்ந்தால் அதற்கும் கிரெடிட் கிடைக்கும். தமிழ் படித்தால் என்ன பயன் என்று கேட்கும் பிள்ளைக்கு இந்த ஒரு பதிலாவது உடனடியாகச் சொல்லலாம்.

இவ்வளவும் அந்த மாலையில் ஏதோ ஒரு வகையில் சொல்லப்படுகிறது. போதிய அளவு சொல்லப்படாத ஒன்று இருக்கிறது. இந்த மடலை எழுத வைத்ததும் அதுதான்.

1999 இல் வந்த பாடத்திட்டத்தின்படி ஒன்பதாம் வகுப்புப் பாடங்கள் இரண்டு தடங்களாகப் பிரிந்திருந்தன. ஒன்று பல்கலைக்கழகத்தை நோக்கிய கல்விசார் தடம், மற்றது செயல்முறைத் தடம். பதின்மூன்று வயதில், எட்டாம் வகுப்பு ஆசிரியரின் ஆலோசனைப்படி, பெற்றோர் கையெழுத்தோடு அந்தத் தெரிவு நடந்தது. யோர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் ஜேம்ஸ் 2017 இல் வெளியிட்ட அறிக்கை அதன் விளைவைக் காட்டியது: ரொறன்ரோவில் வெள்ளை இன மாணவர்களில் 81 சதவீதம் கல்விசார் தடத்தில் இருந்தபோது, கறுப்பின மாணவர்களில் 53 சதவீதமே அங்கே இருந்தார்கள். ஏனைய நிறத்தவர் 80 சதவீதம். நம் பிள்ளைகள் இந்த மூன்றாவது கூட்டத்துக்குள் அடக்கம், ஆகவே நமக்கென்ன என்று இருந்துவிடலாம் என்று சிலர் நினைத்தார்கள். ஒரே நடைபாதையில் நம் பிள்ளையோடு திரிகிற பிள்ளைகளின் கதை நமக்கும் உரியது. அதோடு, கையெழுத்துப் போட்ட படிவத்தில் என்ன இருந்தது என்று தெரியாமல், பதினோராம் வகுப்பில் பிள்ளையின் வழி அடைபட்டதை அறிந்து அழுத தமிழ்த் தாய்மாரும் இருந்தார்கள்.

2021 இல் கணிதத்திலும் 2022 இல் ஏனைய பாடங்களிலும் ஒன்பதாம் வகுப்புத் தடப்பிரிப்பை மாகாணம் நீக்கியது. நல்ல முடிவு, வரவேற்கிறேன். அதனால் எட்டாம் வகுப்புப் பெற்றோர் மாலையில், எல்லோரும் ஒரே பாடந்தான் படிப்பார்கள், கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு அது உண்மை. பத்தாம் வகுப்பில் ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் முதலான பாடங்களில் தடங்கள் இன்னமும் இருக்கின்றன. தெரிவு ஓராண்டு தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பின் நடுவில், தை கடைசி அல்லது பெப்ரவரியில், பத்தாம் வகுப்புக்கான பாடத் தெரிவுப் படிவம் வரும். பெரும்பாலும் கணினியில் பிள்ளை நிரப்பும், பெற்றோர் ஒப்புதல் கேட்கப்படும். மண்டபத்தில் கதிரை போட்டு அதிபர் பேசுகிற ஆரவாரம் அதற்குப் பல பள்ளிகளில் இல்லை.

அந்தப் படிவத்தில் பாடக் குறியீட்டின் ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். 'டி' என்றால் கல்விசார் தடம், 'பி' என்றால் செயல்முறைத் தடம். 'எல்' என்றால் உள்ளூரில் அமைத்த அடிப்படைப் பாடம். கணிதத்தில் 'பி' எடுத்த பிள்ளைக்குப் பதினோராம் வகுப்பின் பல்கலைக்கழகக் கணிதம் நேரடியாகக் கிடைக்காது, முன்தகுதி வேண்டும் என்று நிறுத்துவார்கள். அந்தக் கணிதம் இல்லாமல் பொறியியலும் கணினி விஞ்ஞானமும் கேட்க முடியாது. கோடை வகுப்பில் படித்து மாறலாம், ஆனால் அது பாரம். பல்கலைக்கழகம் கடைசியில் பார்ப்பது பன்னிரண்டாம் வகுப்பின் ஆறு பாடங்களை. அந்த ஆறுக்கான வழி பதினாலு வயதில் இந்தப் படிவத்தில் தொடங்குகிறது.

எல்லாப் பிள்ளைகளையும் 'டி' யில் போடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மின்னிணைப்பாளராக வர விரும்பும் பிள்ளைக்கு இங்கே பயிற்சித் திட்டம் பள்ளிக்காலத்திலேயே உண்டு. வேலைத்தலத்துக்குப் போய்ப் படித்துக் கிரெடிட் எடுக்கலாம், கௌரவமான வாழ்க்கை அமையும். பிள்ளையும் பெற்றோரும் அறிந்து எடுத்த முடிவாக அது இருக்க வேண்டும். களைப்பில், நண்பன் எடுத்தான் என்பதற்காக, புள்ளி குறைந்த ஒரு செமஸ்டரின் கவலையில் எடுத்த முடிவாக இருக்கக் கூடாது. ஒன்பதிலும் பத்திலும் ஒரு பாடத்தில் தவறினால் அது இறுதிப் பெறுபேற்றுப் பத்திரத்தில் வருவதே இல்லை. பதினொன்றிலிருந்துதான் எல்லாம் பதிவாகும். பிள்ளை விழுந்து எழும்ப இடம் இருக்கிற ஆண்டுகள் இவை. பயந்து வழியை மாற்றத் தேவையில்லை.

எனவே எட்டாம் வகுப்பு மாலைக்குப் போனதோடு நிறுத்திவிடாதீர்கள். தை பிறந்ததும் வழிகாட்டல் அலுவலகத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு, என் பிள்ளையின் பத்தாம் வகுப்புப் பாடங்களைப் பற்றிக் கதைக்க நேரம் வேண்டும் என்று கேளுங்கள். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். பெரிய கல்விச்சபைகளில் அந்த வசதி உண்டு. இரவு வேலை என்றால் எந்த நேரம் வசதி என்று நீங்களே சொல்லுங்கள். மகனையோ மகளையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள், தன்னைப் பற்றிய பேச்சை எந்தப் பிள்ளையாலும் முழுதாக மொழிபெயர்க்க முடியாது. பெற்றோர் சபைக்கும் வாருங்கள். 2000 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிப்படி அந்தச் சபையில் பெற்றோரே பெரும்பான்மையாக இருக்க வேண்டும், தலைவரும் பெற்றோராகவே இருக்க வேண்டும். அந்தக் கதிரைகளில் நம்மவர்கள் இன்னும் குறைவு.

முன்பே வந்து இதையெல்லாம் பட்டறிந்த வாசகர்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் அடுக்குமாடியில், உங்கள் கோயிலில், இந்த வருடம் வந்த குடும்பம் ஒன்று இருக்கும். அவர்களிடம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், பெப்ரவரிக்கு முன் அந்த வீட்டுக்கு ஒரு தடவை போய், படிவத்தை அவர்களோடு இருந்து வாசியுங்கள்.