பார்த்தேன் என்றால் போதுமா?

பறவை பார்க்கிறவர்களுக்கு இப்போது இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று, யாரும் எதையும் போடலாம் என்று திறந்து விட்ட வாட்ஸ்அப் குழு. இன்னொன்று ஈபேர்ட். அங்கே நாம் எழுதுவதைச் சரிபார்க்க ஆள் உண்டு. நம் வயதுக்காரர்களில் நிறையப் பேருக்கு இந்தச் சரிபார்ப்பு பிடிப்பதில்லை. "நான் கண்ணால பாத்தேங்கறேன், அப்புறம் என்னத்துக்குங்க கேள்வி?" என்கிறார்கள்.

எனக்கு அது உறுத்தவில்லை. ஆதாரம் எங்கே என்று ஃபைல் திரும்பி வருவதைப் பார்த்தே காலம் தள்ளியவன் நான்.

ஈபேர்ட் 2002-ல் அமெரிக்காவில் தொடங்கியது. நம் ஊரில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் அதில்தான் பதிவாகிறது. அந்த இடத்துக்கும் மாதத்துக்கும் வழக்கமில்லாத பறவையையோ எண்ணிக்கையையோ எழுதினால் உடனே விவரம் கேட்கும். பிறகு அந்தப் பகுதிப் பறவைகளை அறிந்த ஒரு தன்னார்வலர் பார்ப்பார். சம்பளம் கிடையாது. பதில் போதவில்லை என்றால் பதிவு நம் கணக்கில் இருக்கும், பொதுக் கணக்கில் சேராது. இது புதுப் பழக்கமும் அல்ல. 1960-ல் ஜாஃபர் ஃபதேஅலி பறவை ஆர்வலர்களுக்காக ஆரம்பித்த ஆங்கில இதழிலும், யார் கடிதம் எழுதினாலும் அவர் பார்த்த பிறகுதான் வெளிவரும்.

சூலூர் குளத்தில் எடுத்த ஒரு படத்தை நண்பர் 'கிரீன் சாண்ட்பைப்பர்' என்று குழுவில் போட்டார். கட்டைவிரல்கள் குவிந்தன. அதையே பறவை தெரிந்த ஒரு பையனிடம் காட்டியபோது, "ஐயா, கண்ணுக்குப் பின்னாடியும் வெள்ளைப் புருவம் போகுது, முதுகெல்லாம் புள்ளி, காலும் மஞ்சளா இருக்குதுங்க. இது வுட் சாண்ட்பைப்பர்" என்றான். நண்பருக்கு இரண்டு நாள் வருத்தம். இரண்டுமே குளிர்காலத்தில் இங்கே வருகிறவைதான், ஒன்றும் கெட்டுப் போகவில்லை.

கூகை விஷயம் அப்படியில்லை. பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம் ஒரு தோப்பில், பழைய மோட்டார் ரூமில் கூகை குஞ்சு பொரித்திருந்தது. ஒருவர் வழி வரைபடத்தோடு குழுவில் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஏழு கார். நீள லென்ஸ், ஃபிளாஷ், டார்ச். "எங்க வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட இத்தன காரு வரலீங்க" என்றார் தோப்புக்கார அம்மா. நாலாம் நாள் தாய்ப்பறவையைக் காணவில்லை. ஆந்தையைப் பலிக்கென்று பிடித்து விற்கிறவர்களும் நாட்டில் இருக்கிறார்கள், அந்தச் செய்தி அவர்கள் கண்ணிலும் பட்டிருக்கலாம். அதை நீக்கச் சொல்லி யாரிடம் கேட்பது? குழுவில் அது யாருடைய வேலையும் இல்லை. ஈபேர்டில் இப்படி ஆபத்துள்ள சில இனங்களின் சரியான இடத்தைப் பொதுவில் காட்டுவதே இல்லை.

சரிபார்க்கிறவர்களிடமும் எனக்குக் குறை உண்டு. சிலருக்குக் குறுக்கு விசாரணை செய்கிற வக்கீல் தோரணை. எங்கள் தெரு அக்கா ஒருவர் மொட்டை மாடியில் வரும் பறவைகளை நோட்டுப் போட்டு எழுதி வந்தார். ஒரு குழுவில் எழுதியதற்கு, "போட்டோ இருக்கா?" என்ற ஒற்றை வரிதான் பதில். அதோடு எழுதுவதை விட்டுவிட்டார். எப்படிக் கத்தியது, எங்கே உட்கார்ந்தது என்று கேட்டிருந்தால் அவரே பக்கம் பக்கமாகச் சொல்லியிருப்பார்.

கூகைக்குப் பிறகு எங்கள் குழுவில் இரண்டு பேரைப் பொறுப்பாக வைத்தோம். நானும் ஒருவன். கூடு, குஞ்சு, வழி எதுவும் போடக்கூடாது, போட்டால் நீக்கிவிட்டுத் தனியாகப் பேசிச் சொல்ல வேண்டும். நான் முதலில் நீக்கியது பக்கத்து வீட்டுக்காரர் போட்ட மைனாக் கூட்டை. மைனாவுக்கா இந்தக் கெடுபிடி என்று கேட்டுவிட்டு அவர் குழுவை விட்டுப் போனார். இப்போது காலை நடையில் என்னைக் கண்டால் ரோட்டின் எதிர்ப்பக்கம் போகிறார். தீபாவளிப் பலகாரம் மட்டும் வழக்கம்போல வந்தது, பேரன் கையில்.